ஒரே டிஸ்க்கா, இரண்டா, மூன்றா? வீட்டு ரெக்கார்டிங் கணினிக்கு ஒரு டிஸ்க் கணக்கு

வீட்டு ஸ்டுடியோவுக்குக் கணினி அசெம்பிள் செய்யும்போது பிராசஸருக்கும் ரேமுக்கும் நாள்கணக்கில் யோசிப்பவர்கள் டிஸ்க் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கண்முன் இருப்பது மூன்று வழி. 2 டிபி என்விஎம்இ (அதிவேக எஸ்எஸ்டி) ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே போடுவது ஒன்று. சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, ப்ராஜெக்டுக்கும் சாம்பிளுக்கும் (முன்கூட்டிப் பதிந்து விற்கப்படும் கருவி ஒலிகள்) இன்னொன்று என்று பிரிப்பது அடுத்தது. சிஸ்டம், ப்ராஜெக்ட், சாம்பிள் மூன்றுக்கும் தனித்தனி டிஸ்க் என்ற பழைய விதி மூன்றாவது. இங்கே ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். அந்த ஏற்பாட்டில் ஓடும் கணினியை வைத்துத்தான் இந்த அலசலே. ஆனால் அதற்குக் காரணம் வேகம் அல்ல.

வேகக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக்குக்கு விநாடிக்கு 1,44,000 பைட் போதும். குரல், வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு மைக், கடம், தம்புரா எல்லாம் சேர்த்து 16 டிராக்கை ஒரே நேரத்தில் பதிந்தாலும் விநாடிக்கு 2.3 எம்பிதான். மணிக்கு 8.3 ஜிபி. விநாடிக்கு 150 எம்பி எழுதும் சாதாரண சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கே இது தூசு. அப்படியிருக்க, 7,000 எம்பி என்று அட்டையில் போட்டிருக்கும் என்விஎம்இ-க்குக் கூடுதல் காசு கொடுத்தால் டேக் (ஒரு தடவை பாடி, வாசித்துப் பதிந்தது) ஒன்றும் நன்றாக அமைந்துவிடாது.

மூன்று டிஸ்க் விதி பிறந்தது சாம்பிள் லைப்ரரிகளால். 7,200 ஆர்பிஎம் டிஸ்க்கில் ஊசிமுனை இடம் மாற ஏறக்குறைய 8 மில்லிவிநாடி, தட்டு அரைச்சுற்று சுற்ற 4 மில்லிவிநாடி. ஆக விநாடிக்குச் சுமார் 80 தாவல்தான் முடியும். ஒரு பியானோ சாம்பிளை பெடலை அழுத்தியபடி வாசித்தால் 100 தனித்தனி ஒலிகள் ஒரே நேரத்தில் ஒலிப்பது சாதாரணம். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் அது விநாடிக்கு 26 எம்பி. 60 கேபி துண்டுகளாகப் படிப்பதாக வைத்துக்கொண்டால் விநாடிக்கு 440 தடவை படிக்க வேண்டும். 80 எங்கே, 440 எங்கே? இதோடு விண்டோஸும் அதே டிஸ்க்கில் எதையாவது தேடிக்கொண்டிருந்தால் ஒலி வெடித்து நிற்கும். அதனால்தான் பிரித்தார்கள். எஸ்எஸ்டியில் ஊசியும் இல்லை, தட்டும் இல்லை. பழைய சாட்டா எஸ்எஸ்டி கூட விநாடிக்குப் பல்லாயிரம் தடவை படிக்கும். பிரிக்கச் சொன்ன காரணம் போய்விட்டது, விதி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று: சாம்பிள்கள் எஸ்எஸ்டியில் இருந்தால் சாம்பிள்களை வாசிக்கும் மென்பொருளான கான்டாக்டின் பிரீலோட் பஃபரை (ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தையும் ரேமில் ஏற்றி வைக்கும் அளவு) இயல்பான 60 கேபியிலிருந்து 12 கேபி அளவுக்கு இறக்கலாம். ரேமில் கணிசமான இடம் மிஞ்சும். டப்டப்பென்று சத்தம் வந்தால் படிப்படியாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஒரே டிஸ்க் போதுமே? ஓடும்வரை போதும். கேள்வி, ஒருநாள் அது ஓடாமல் போகும்போதுதான்.

உங்கள் கணினியில் இருப்பது மூன்று ஜாதிச் சரக்கு. பதிவு செய்த டேக்குகள் உலகத்தில் வேறெங்கும் இல்லை. போனால் போனதுதான். சாம்பிள் லைப்ரரிகளை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், பொறுமைதான் வேண்டும்: 800 ஜிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, வேகம் குறையாமல் கிடைத்தாலே 18 மணி நேரம். மூன்றாவது, விண்டோஸும் டாவும் (ஒலியைப் பதிந்து எடிட் செய்யும் மென்பொருள், DAW) அதில் சேரும் பிளகின்களும். இவற்றைப் புதிதாக நிறுவலாம், ஆனால் ஒவ்வொரு பிளகினுக்கும் லைசென்ஸ் தேடி, பாதையைக் காட்டி, செட்டிங்கைச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஓடிவிடும். ஆகவே சிஸ்டத்தை அப்படியே இமேஜாக, அதாவது டிஸ்க்கின் முழு நகலாக, எடுத்து வைப்பதுதான் வழி.

ஒற்றை டிஸ்க் சறுக்குவது இங்கேதான். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு விநாடிக்கு 100 எம்பி வீதம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விண்டோஸ், டா, பிளகின் மட்டும் உள்ள 120 ஜிபி சிஸ்டத்துக்கு 20 நிமிடத்தில் இமேஜ் எடுத்துவிடலாம். எல்லாம் கலந்த 1.5 டிபி டிஸ்க்குக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். 20 நிமிட வேலையை, பிளகின் அப்டேட் போடுவதற்கு முன் காபி குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுவோம். நான்கு மணி நேர வேலையை ‘அடுத்த ஞாயிற்றுக்கிழமை’ என்று தள்ளிக்கொண்டே போவோம். அப்டேட் சொதப்பிவிட்டால் பழைய இமேஜைத் திருப்பவும் தயக்கம் வரும், ஏனென்றால் அது நேற்றைய டேக்குகளையும் சேர்த்து அழித்துவிடும். பிரித்து வைத்தவருக்கு அந்தப் பயமே இல்லை. சி டிரைவைப் போன மாதத்துக்குத் திருப்பினாலும் டி டிரைவில் இருக்கும் டேக்குகள் அப்படியே இருக்கும்.

ஒரே டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்தால் என்ன? இமேஜ் விஷயத்தில் முக்கால்வாசிப் பலன் கிடைக்கும். கையில் ஒரு டிஸ்க்தான் என்றால் தயங்காமல் இதைச் செய்யலாம். டிஸ்க் செத்தால் மட்டும் இரண்டு பார்ட்டிஷனும் சேர்ந்தே சாகும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகிறது. ஹார்ட் டிஸ்க் போல முன்கூட்டி முனகுவதில்லை. தவறுதலாக அழித்த டேக்கும் அப்படித்தான்: அழித்த இடத்தைத் துடைத்துவிடும் ட்ரிம் வேலை செய்தபின் எஸ்எஸ்டியிலிருந்து எந்த ரெகவரி மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

மூன்றாவது டிஸ்க் அவசியப்படுவது சாம்பிள் மட்டும் ஒரு டிபியைத் தாண்டும்போது. அதற்குள் என்றால் அது கூடுதல் செலவு, கவனிக்க இன்னொரு பொருள். மதர்போர்டு மேனுவலையும் பார்த்துவிடுங்கள். பல போர்டுகளில் என்விஎம்இ செருகும் எம்.2 ஸ்லாட்டுகளில் இரண்டாவதை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும். ‘டிஸ்க் காணவில்லை’ என்ற புலம்பல்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம். முழு ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட்டில், 128 ஜிபி ரேமோடு வேலை செய்பவர்களின் கணக்கு வேறாக இருக்கக்கூடும். இங்கே சொல்வது 40, 50 டிராக் பாடல்களுக்கு.

லேப்டாப்காரர்களுக்கும், டிஸ்க் மாற்றவே முடியாத மேக்காரர்களுக்கும் இரண்டாவது டிஸ்க் வெளியேதான். 10 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி எஸ்எஸ்டி தாராளம். மூன்று விஷயம் மட்டும் கவனம். எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்து வைக்கும் ஏடு) கிடையாது, பதிவின் நடுவே கேபிள் அசைந்தால் ஃபைல் அமைப்பே கெடலாம். விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், மேக் என்றால் ஏபிஎஃப்எஸ் என ஃபார்மட் செய்துவிடுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸும் டிஸ்க்கும் ஒரே மலிவு ஹப்பில் மின்சாரத்துக்கு அடித்துக்கொள்ள விடாதீர்கள். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் அந்த டிஸ்க்கின் டிரைவ் எழுத்தை நிரந்தரமாக எஸ் என்று வைத்துவிடுங்கள். பென்டிரைவ் ஒன்று இடையில் செருகப்பட்டு நேற்றைய இ இன்று எஃப் ஆனால், டா ஒவ்வொரு சாம்பிளையும் ‘காணோம்’ என்று சொல்லும்.

வாங்கும்போது: சிஸ்டத்துக்கு 500 ஜிபி தாராளம். இரண்டாவது 2 டிபி, முடிந்தால் டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் எஸ்எஸ்டி வகை). நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி விலை குறைவு. அதன் கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே போகலாம் என்பது உண்மைதான். ஆனால் விநாடிக்கு 2.3 எம்பி பதிவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 300 ஜிபி லைப்ரரியை ஒரே மூச்சில் காப்பி செய்யும் அன்றைக்கு மட்டும் எரிச்சல் வரும். எந்த டிஸ்க்கிலும் 15 முதல் 20 சதவீதம் காலியாக விடுங்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் ஒரு வேலை உண்டு: பேக்கப். ஆனால் கேபினட்டுக்குள் வேண்டாம். 7,200 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 120 சுற்று. அந்த 120 ஹெர்ட்ஸ் முனகல் ஆண்குரலின் அடிப்பகுதியிலேயே வந்து உட்காரும், ஈக்யூவில் வெட்டினால் குரலும் சேர்ந்து மெலியும். வெளியே வைத்து, தேவைப்படும்போது மட்டும் செருகுங்கள். ரான்சம்வேர் வந்தாலும் கழற்றி வைத்த டிஸ்க்கைத் தொட முடியாது. சிஸ்டம் இமேஜுக்கு இலவச குளோன்ஜில்லா போதும். ப்ராஜெக்டுக்கு, ஃபோல்டர்களை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஃப்ரீஃபைல்சிங்க். அதில் மிரர் முறையை அப்படியே வைத்தால் இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும், பழைய நகல்களை விட்டுவைக்கும் வெர்ஷனிங்கைப் போட்டுவிடுங்கள். முடிந்த பாடல்களின் இன்னொரு நகல் வீட்டுக்கு வெளியே எங்காவது இருக்கட்டும். சிஸ்டம் டிஸ்க்கை மாற்றும் முன் ஐலாக் போன்ற பிளகின் லைசென்ஸ்கள் கணினியிலேயே பதிந்திருந்தால் டீஆக்டிவேட் செய்துவிடுங்கள். இமேஜை வேறு டிஸ்க்கில் திருப்பினால் சில பிளகின்கள் அதைப் புதுக் கணினி என்று நினைத்துக்கொள்ளும்.

டிஸ்க்கைப் பிரித்தும் டேக்குகள் சி டிரைவில் போய் விழுவதுதான் அடிக்கடி நடக்கும் கூத்து. ரீப்பர் என்ற டாவில் ப்ராஜெக்டைச் சேவ் செய்யாமல் ரெக்கார்ட் அழுத்தினால், வேறு பாதை கொடுக்காதவரை ஆடியோ டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் ஃபோல்டருக்குத்தான் போகும். முதலில் டி டிரைவில் சேவ், பிறகு ரெக்கார்ட். சேவ் பெட்டியில் ப்ராஜெக்டுக்கெனத் தனி ஃபோல்டர் உருவாக்கவும், மீடியாவை அதற்குள் நகலெடுக்கவும் சொல்லும் இரண்டு டிக்கையும் போட்டுவிடுங்கள். ஏபிள்டனில் கலெக்ட் ஆல் அண்ட் சேவ், கியூபேஸில் பேக்கப் ப்ராஜெக்ட், புரோ டூல்ஸில் சேவ் காப்பி இன் ஆகியவை இதே வேலையைச் செய்யும். ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். பழைய பிளகின்கள் சில யுனிகோட் பாதையில் திணறுவதால் ஆங்கில எழுத்திலேயே வைப்பது உத்தமம்.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ப்ராஜெக்டைத் திறந்து பாருங்கள். திறக்கும் முன் டி டிரைவில் இருக்கும் அசல் ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால், ப்ராஜெக்டில் முழுப் பாதை பதிந்திருக்கும் ஃபைல்களை டா சத்தமில்லாமல் அசலிலிருந்தே எடுத்து வாசிக்கும். பேக்கப்பில் பாதி டேக் இல்லாதது அன்றைக்குத் தெரியாது.