பேஸ்மென்ட் ஓதத்துக்கு ஆப்பில் ஆள் கூப்பிடப் போகிறீர்களா? எனக்கு 46,500 ரூபாய் போச்சு

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். கடைக்குக் கீழே உள்ள பேஸ்மென்ட்தான் குடோன். சிவகாசியிலிருந்து வரும் நோட்டு, ரெஜிஸ்டர், சார்ட் பேப்பர் எல்லாம் அங்கேதான் இறங்கும். பின்பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு உதிர்ந்து, உப்புப் பூத்துக் கிடந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் சரிசெய்துவிடலாம் என்று, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். கொட்டேஷன், பணம், வாரண்டி எல்லாமே மொபைலில் என்கிற ரகம்.

வந்தவர் யூனிஃபார்ம், ஐ.டி. கார்டு சகிதம் வந்தார். பையிலிருந்து ஈரம் பார்க்கிற ஒரு மீட்டரை எடுத்து ஓதம் பிடித்த சுவரில் வைத்ததும் அது 'கீ...' என்று கத்தியது. பிறகு என்னை மேலே கூட்டிப்போய்க் கடைச் சுவரில் வைத்தார், சத்தமே இல்லை. "பாத்தீங்களா அண்ணா, கீழ சுவருக்குள்ள தண்ணி நிக்குது, இந்த மழை தாங்காது" என்றார். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். உப்பு ஏறிய சுவரில் அந்த மாதிரி மீட்டர் உள்ளதைவிட அதிகமாகத்தான் காட்டும் என்பதும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லவே சொல்லாது என்பதும் அப்புறம் தெரிந்தது. 52,000 என்றவர், இன்றைக்கே ஆப்பில் கட்டினால் 46,500 என்றார். 10 வருட வாரண்டி. கட்டினேன்.

இரண்டு பையன்கள் வந்து உப்பை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பட்டி பார்த்து, வெள்ளையாக ஏதோ இரண்டு கோட் அடித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டாமா தம்பி என்றால், "நானோ டெக்னாலஜிண்ணா, கொத்தவே வேணாம்" என்று பதில். 46,500 ரூபாய்க்கு நானோ.

மழை பிடித்தது. சுவரில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது, விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து தண்ணீரும் உப்பும் வருகிறது. சுவர்ப்பக்கம் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் அடியில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். நோட்டெல்லாம் வளைந்து, பிரித்தால் குப்பென்று வாடை. அந்தச் சரக்கு நஷ்டத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கஸ்டமர் கேரில் சொன்னதைக் கேளுங்கள். முதலில் "உங்கள் புகாரை மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் சார்". அப்புறம், "வாரண்டி லீக்கேஜுக்குத்தான் சார், உங்களுடையது டாம்ப்னஸ்", அதாவது ஓதமாம். லீக்கேஜ் என்று எழுதிக்கொண்டா தண்ணீர் சுவர் வழியாக வரும்? அடுத்தவர், சென்னை காற்றே ஈரமான காற்று, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார். அந்த டெக்னீஷியன் இப்போது எங்களோடு இல்லை என்றார் இன்னொருவர். கடைசியில் 'பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று அவர்களாகவே புகாரை மூடி, 500 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள். 46,500 வாங்கிவிட்டு 500, அதுவும் அவர்களிடமே செலவழிக்க!

பழக்கப்பட்ட கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே சுவரைப் பார்க்கவே இல்லை, நேராகக் கட்டடத்துக்குப் பின்னால் போனார். மொட்டை மாடிக் குழாய் வந்து விழும் மழைநீர் சேகரிப்புக் குழி சரியாக அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது. 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்றபோது இடமில்லாமல் அங்கே தோண்டியது. மாடித் தண்ணீர் மொத்தமும் பேஸ்மென்ட் சுவருக்குப் பக்கத்திலேயே இறங்குகிறது. வெளியிலிருந்து தள்ளுகிற தண்ணீரை உள்ளே அடித்த பெயின்ட் எப்படி நிறுத்தும்? குழியைத் தள்ளி மாற்றி, வெளிப்பக்கம் மண்ணைத் தோண்டிப் பூசி, உள்ளே பூச்சைக் கொத்தி எடுத்துக் காயவிட வேண்டும் என்றார். அது தனிச் செலவு.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப்பக்கம் நனைந்தால் தண்ணீர் சுவர் வழியாக வருகிறது, முன்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். காற்றின் ஈரம் என்றால் மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து இன்னும் ஈரத்தை உள்ளே விடாதீர்கள், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற டீஹ்யூமிடிஃபையர் மெஷின் வைத்து ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் பூசணம் அடங்கும். சரக்கைப் பலகை மேல், சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். குழி, சம்ப், மழைநீர்க் குழாய் மூன்றையும் பார்க்காமல் ரேட் சொல்கிறவனை அனுப்பிவிடுங்கள். வாரண்டியில் 'ஓதம்' என்று எழுதி வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஆன்லைன் வணிகத்துக்கான 2020 விதிகளின்படி, குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எனக்கு வந்தது கூப்பன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. 46,500 ரூபாயை விடுவதாக இல்லை.