பீம்என்ஜியா, அசெட்டோ கோர்சாவா?

பீம்என்ஜி டிரைவ், அசெட்டோ கோர்சா என்ற இரண்டு கார் ஓட்டும் கம்ப்யூட்டர் கேம்களில் எது நிஜமான ஃபிசிக்ஸ் என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க பீம்என்ஜி டிரைவ், ஒழுங்காக ஓட்டிப் பழக அசெட்டோ கோர்சா.

ஜெர்மனியின் பிரெமன் நகரத்துக்காரர்கள் செய்யும் பீம்என்ஜி 2015-இல் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடைக்கு வந்தது. அதில் கார் ஒரே கட்டியாக இருக்காது. எடையுள்ள நூற்றுக்கணக்கான புள்ளிகள், அவற்றைப் பிணைக்கும் ஸ்பிரிங் மாதிரியான பீம்கள், இந்த வலை முழுவதையும் நொடிக்கு 2000 தடவை கணக்குப் போடுகிறது. விபத்து வீடியோக்களால்தான் பேர் வாங்கியது, ஆனால் எனக்குப் பிடித்தது சின்னச் சேதம்தான். ஒரு ஹேட்ச்பேக்கை எடுத்து முன் சக்கரத்தைப் பிளாட்பாரக் கல்லில் கொஞ்சம் வேகமாக இடித்துப் பாருங்கள். பாடி அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே டை ராடு (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) வளைந்திருக்கும், அப்புறம் நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியதுதான். 'இங்கே அடித்தால் இந்தப் பக்கம் இழு' என்று யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை, வலை வளைந்தது, அதனால் வண்டி இழுக்கிறது.

அசெட்டோவில் சேதம் இந்த அளவுக்குப் போகாது. சுவரில் மோதினால் ஏதோ நசுங்கியதாகக் காட்டும், சஸ்பென்ஷனும் எஞ்சினும் கெடலாம், ஆனால் இப்படி வலையாக வளையாது. ரோம் அருகே வல்லெலுங்கா ரேஸ் சர்க்யூட்டை ஒட்டி வளர்ந்த குனோஸ் சிமுலாசியோனி கம்பெனி 2014 டிசம்பரில் இதை வெளியிட்டபோது முழு உழைப்பையும் டயரில் கொட்டியிருந்தது. டயரின் சூடு, காற்றழுத்தம், தேய்மானம் எல்லாம் பிடிமானத்தை மாற்றும். லேசர் ஸ்கேன் செய்து கேமுக்குள் கொண்டுவந்த ஜெர்மனியின் நார்ட்ஷ்லைஃப ரேஸ் டிராக்கில், அந்த 20.8 கிலோமீட்டரில், மேடு பள்ளம் ஒவ்வொன்றும் ஸ்டீயரிங் வீல் வழியாகக் கைக்கு வந்து சேரும். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டால் முன் டயர் பிடி விடுவதற்குச் சற்று முன்னாலேயே ஸ்டீயரிங் லேசாகிவிடும், அந்த எச்சரிக்கையை வைத்துத்தான் ஓட்டவே கற்றுக்கொள்கிறோம். பீம்என்ஜியில் அந்த எல்லைக்கோடு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது. அப்புறம், அசெட்டோவில் ஃபெராரி எஃப்40 நிஜப் பெயரோடு இருக்கிறது, பீம்என்ஜியில் எல்லாமே கற்பனைக் கம்பெனிகள்.

ஆனால் கிறுக்குத்தனமான எஞ்சினியரிங் என்று வந்தால் பீம்என்ஜிக்கு ஒரு கூட்டாளி உண்டு, நியூசிலாந்தின் கேம்ஷாஃப்ட் சாஃப்ட்வேர் செய்த, கார் வடிவமைக்கும் கேமான ஆட்டோமேஷன். போர் (சிலிண்டரின் அகலம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), வால்வுகளைத் திறக்கும் கேம், கம்ப்ரெஷன், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எல்லாம் நீங்களே தீர்மானித்து எஞ்சின் கட்டலாம். பூஸ்ட்டையும் (டர்போ தள்ளும் அழுத்தம்) கம்ப்ரெஷனையும் சேர்த்து ஏற்றினால் நாக்கிங் வரும், அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும், ஆர்பிஎம்மை இஷ்டத்துக்கு ஏற்றினால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு தாங்காது. கட்டிய காரை 2018 முதல் நேரே பீம்என்ஜிக்கு அனுப்பி ஓட்டலாம். சின்ன ஹேட்ச்பேக்கில் டர்போ வி8-ஐத் திணித்து, பின் டயரை ஒல்லியாக விட்டு அனுப்பிப் பாருங்கள், மூன்றாவது கியரிலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பேப்பரில் அசத்திய குதிரைத்திறன் ரோட்டில் புகையாகப் போவதைப் பார்க்க அசெட்டோவில் இவ்வளவு சுலபமான வழி இல்லை.

கம்ப்யூட்டர் பழசு என்றால் அசெட்டோதான், பீம்என்ஜியில் நாலைந்து காரை இறக்கினாலே பிராசசர் திணறும். ஆனால் ஸ்டீயரிங் வீல் இல்லை, கீபோர்டு மட்டும்தான் என்றால் அசெட்டோவுக்குக் காசு கொடுக்காதீர்கள், அதன் நல்ல விஷயம் பாதி உங்கள் கைக்கே வராது.