தலைநகரத்து நாடமும் ஊர் நாடமும்: சேலத்திலிருந்து ஒரு மங்கோலியச் சுற்றுலா

வழக்கமாகக் காசிக்கும் துபாய்க்கும் ஆள் சேர்க்கும் சேலத்துச் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர், மங்கோலிய நாடோடிப் பண்பாட்டையும் மரபு விளையாட்டுகளையும் காட்டுவதாகச் சொல்லி, ஜூலை மாதத்தில் ஒரு குழுவை அழைத்துச் சென்றார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் தம்பதியர், ஓய்வு பெற்ற ஆசிரியைகள் என்று பலதரப்பட்டவர்கள் அக்குழுவில் இருந்தோம். கட்டணம் குறைவன்று. கொடுத்த பணத்துக்குத் தகுந்த பயணமா என்று கேட்டால், துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தியவற்றுக்காக அன்று, கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்த ஓர் ஊர்த் திருவிழாவுக்காக ஆம் என்பேன்.

பெரிய எழுத்தில் இருந்தது தலைநகர் உலான்பாட்டரில் நடக்கும் தேசிய நாடம். மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை ஆகிய மூன்றும் கூடிய இவ்விழா ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று தொடங்குகிறது. 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. குதிரை வால்மயிர் கட்டிய ஒன்பது வெள்ளைக் கொடிகளை வீரர்கள் அரசு மாளிகையிலிருந்து அரங்கத்துக்குக் கொண்டுவரும் காட்சி மெய்யாகவே கம்பீரமானது. ஆனால் எங்களுக்கு வாங்கியிருந்த இருக்கைகள் உச்சி வரிசையில் இருந்தன. களத்தில் ஒரே நேரத்தில் பல இணைகள் மோதிக்கொண்டிருக்க, யார் யாரை வீழ்த்தினார் என்பதே புலப்படவில்லை. குதிரைப் பந்தயம் நகருக்கு வெளியே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள ஹூய் தோலோன் ஹுதக் என்ற திறந்த வெளியில் நடக்கிறது. அங்கே போகும் சாலை நெரிசலில் எங்கள் பேருந்து நின்று நின்று நகர்ந்ததில், நாங்கள் சேர்ந்தபோது முடிவுக்கோட்டில் புழுதி மட்டுமே எஞ்சியிருந்தது. விடியும் முன்பே கிளம்ப வேண்டும் என்பது உள்ளூர்க்காரர்களுக்கெல்லாம் தெரிந்த செய்தி. ஏற்பாட்டாளர் காலைச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பலாம் என்று வைத்திருந்தார்.

அன்றைய ஏமாற்றத்தை ஓரளவு ஈடுசெய்தது வில்வித்தைத் திடல். அங்கே வேலியோரமாகவே நின்று பார்க்கலாம். தரையில் அடுக்கிய சிறு தோல் உருளைகளை ஆடவர் 75 மீட்டர் தொலைவிலிருந்து குறி வைக்கிறார்கள். இலக்குக்கு மிக அருகிலேயே நடுவர்கள் அச்சமின்றி நிற்கிறார்கள். அம்பு பட்டதும் இரு கைகளையும் உயர்த்தி 'ஊஹாய்' என்று இராகமிட்டு அறிவிக்கிறார்கள்.

உள்ளூர் வழிகாட்டியாக வந்த இளம்பெண்ணை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அவருடைய ஆங்கிலத்தைக் குழுத்தலைவர் தமிழில் சுருக்கிச் சொன்னது போதவில்லை என்றாலும், மல்யுத்தத்தை அவர் விளக்கிய விதத்தால்தான் பின்னர் எங்களால் அதை இரசிக்க முடிந்தது. எடைப் பிரிவு கிடையாது. தேசிய நாடத்தில் பெரும்பாலும் 512 பேர் மோதுகிறார்கள். தோற்றவர் வெளியேற, ஒன்பது சுற்றுகளில் ஒருவர் எஞ்சுகிறார். உள்ளங்கை தரையில் படலாம், முழங்கையோ முழங்காலோ முதுகோ பட்டால் தோல்வி. ஐந்து சுற்று வென்றவருக்குப் பருந்தினத்துப் பறவை ஒன்றின் பெயரில் பட்டம் தருகிறார்கள். ஏழு வென்றால் யானை, எட்டு வென்றால் கருடன், முழுவதும் வென்றால் சிங்கம். யானையே இல்லாத நாட்டில் யானைப் பட்டமும், பௌத்தத்தின் வழியே அங்கே போய்ச் சேர்ந்த கருடனும் எங்கள் பேருந்தில் நெடுநேரப் பேச்சாயின.

கடைசி வரியில் இருந்த ஊர்த் திருவிழா அர்ஹங்காய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்தது. புல்வெளியில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள்; அதுதான் அரங்கம். நாங்கள் கயிற்றோரம் தரையில் அமர்ந்திருக்க, மார்பு திறந்த சட்டையும் குட்டைக் கால்சட்டையும் வளைந்த மூக்குடைய காலணியும் அணிந்த மல்லர்கள் கைக்கெட்டும் தூரத்தில் பிடி போட்டார்கள். ஒரு கனத்த ஆள், தம்மில் பாதி எடைகூட இராத இளைஞனை நெடுநேரம் அசைக்க முடியாமல் நின்றார். இளைஞன் அவருடைய சட்டைக் கையைப் பற்றியபடி மூச்சு வாங்குவது எங்களுக்குக் கேட்டது. சட்டென்று ஒரு கால் வாரல், பெரியவர் முழங்கால் புல்லில் பட்டுவிட்டது. தோற்றவர் எழுந்து, வென்றவனின் கைக்கு அடியில் குனிந்து கடந்து சென்றார். வென்றவன் கழுகைப் போலக் கைகளை விரித்து ஆடிவிட்டு, பரிசாகக் கிடைத்த உலர்ந்த தயிர்க்கட்டிகளைக் கூட்டத்தின் மீது வீசினான். ஆசிரியைகளில் ஒருவர் மடியிலும் ஒன்று விழுந்தது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் உயர்ந்த குதிரைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மங்கோலியக் குதிரை மட்டக்குதிரை போலத்தான் தோன்றும். ஆனால் அது 20 கி.மீ.க்கு மேல் நிற்காமல் ஓடி வருகிறது. முதல் ஐந்து குதிரைகளுக்குப் புகழ்மாலை பாடுகிறார்கள். இரண்டு வயதுக் குதிரைகளின் ஓட்டத்தில் கடைசியாக வரும் குட்டிக்கும், அடுத்த ஆண்டு வெல்லட்டும் என்று வாழ்த்திப் பாடுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடிக்காதது, ஓட்டுபவர்கள் சிறு பிள்ளைகள் என்பது. தலைக்கவசம் இருந்தாலும், விழுந்து அடிபடும் பிள்ளைகளைப் பற்றி அந்நாட்டிலேயே கடும் விவாதம் நடக்கிறது. இதைக் குழுத்தலைவரிடம் கேட்டபோது, 'அது அவர்கள் வழக்கம்' என்று முடித்துக்கொண்டார். பண்பாட்டைக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்குபவர் அதன் சிக்கலையும் பேசத் தயாராக இருக்க வேண்டும்.

'நாடோடிகளோடு தங்கல்' என்று விளம்பரப்படுத்தியதில் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிகளுக்கென்றே கட்டிய முகாம்தான். கம்பளிக் கூடாரமான கெர் அங்கே வரிசை வரிசையாக இருந்தது, மின்விளக்கும் இருந்தது, ஆடு மாடு ஒன்றும் இல்லை. உண்மையான மேய்ப்பர் குடும்பத்தோடு ஒரே ஓர் இரவு கிடைத்தது. தெற்கு நோக்கிய வாசலில் நிலைப்படியை மிதிக்காமல் நுழைய வேண்டும், நடுவிலுள்ள இரு தூண்களுக்கிடையே புகக்கூடாது, கொடுப்பதை வலக்கையால் வாங்க வேண்டும் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். குடும்பத்தலைவி உப்பிட்ட பால் தேநீரையும், பிறகு அய்ரக் என்னும் குதிரைப்பாலைப் புளிக்க வைத்த பானத்தையும் தந்தார். அய்ரக் நுரைத்த நீராகாரம் போன்று நாவில் சுருக்கென்றது. சற்றே போதையும் உண்டு என்பதால் சிலர் உதட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள், அதை யாரும் தவறாக எண்ணவில்லை. வெள்ளி வேய்ந்த மரக்கிண்ணத்தை எங்கள் செவ்வாய்ப்பேட்டைக்காரர் கீழே வைக்கவே இல்லை. பொடிவைத்துப் பற்றவைத்த இடம் எங்கே என்று விளிம்பைத் தடவித் தேடி, கண்டுபிடித்ததும் நகத்தால் சுட்டிக்காட்டினார். அந்த வீட்டுக் கிழவர் சிரித்துக்கொண்டே தம் கத்தியுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினார். இருவருக்கும் பொதுமொழி ஏதுமில்லை, அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்குத் தனிச் சமையல் என்று கொடுத்த வாக்குறுதி நகரத்துக்குள் மட்டுமே செல்லுபடியானது. வழியில் எங்கும் ஆட்டிறைச்சிதான். நாடத்தில் எல்லோரும் விரும்பி உண்ணும் ஹூஷூர் என்ற பொரித்த அப்பமும் இறைச்சி வைத்தது. உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. உலான்பாட்டர் சுமார் 1,300 மீட்டர்தான், ஏற்காடு அதைவிட உயரம். குளிர் வேறு கதை. ஜூலையிலும் விடியற்காலையில் கெருக்குள் அடுப்பு மூட்டினார்கள், ஏற்காட்டுத் தம்பதியரே கம்பளி போதாமல் நடுங்கினார்கள்.

துண்டறிக்கையில் இருந்த மற்ற இடங்களில், 1585இல் கட்டப்பட்ட எர்தேனே சூ மடமும், ஒருகாலத்தில் காட்டில் அற்றுப்போய் 1992 முதல் மீண்டும் கொண்டுவந்து வளர்க்கும் 'தாக்கி' என்னும் காட்டுக்குதிரைகள் மேயும் ஹுஸ்தாய் பூங்காவும் காணத் தக்கவை. 40 மீட்டர் உயர செங்கிஸ்கான் சிலைக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியைக் குறைத்து மேய்ப்பர் வீட்டில் இன்னோர் இரவு தந்திருக்கலாம். அடுத்த ஆண்டுக்கான முன்பதிவு தொடங்கிவிட்டதாகத் தெரிகிறது. முன்பணம் கட்டுவோர், ஊர் நாடம் திட்டத்தில் உறுதியாக உண்டா, மேய்ப்பர் வீட்டில் எத்தனை இரவு, அரங்கில் எந்த வரிசை என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுவது நல்லது.