மகளிர் குழு லோனா, மைக்ரோபைனான்ஸ் லோனா: எதுல சிக்கல் அதிகம்?
ரெண்டுமே அடமானம் இல்லாத கடன்தான், ஆனா ரிஸ்க் வேற வேற. மகளிர் சுயஉதவிக்குழுல 10-20 பேர் முதல்ல மாசாமாசம் சேமிச்சு, அதுல இருந்து உள்ளுக்குள்ளயே கடன் குடுத்து வாங்கி, கணக்கு நோட்டு எல்லாம் பாத்துட்டுதான் பேங்க் லோன் தரும், அதனால யார் ஒழுங்கா கட்டுவாங்கன்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும். இப்படி குழுக்கள பேங்க்கோட இணைக்கற திட்டத்த நபார்டு (விவசாயம், கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கி) 1992ல ஆரம்பிச்சது.

மைக்ரோபைனான்ஸ்ல, அதாவது ஏழை வீடுகளுக்கு கம்பெனிகள் குடுக்கற சின்ன கடன்ல, சேமிப்பு கட்டாயம் இல்ல, லோன் சட்டுனு கிடைக்கும், ஆனா பல இடத்துல வாரா வாரம் தவணை. ஒரே வீட்டுக்கு நாலு கம்பெனி குடுத்தா என்னாகும்? ஒரு லோன வாங்கி இன்னொண்ண அடைப்பாங்க (2010ல ஆந்திரால மைக்ரோபைனான்ஸ் கடன் நெருக்கடி வெடிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்). அதான் 2022ல ரிசர்வ் பேங்க், ஒரு குடும்பம் எல்லா கடனுக்கும் கட்டற மாச தவணை மொத்தமும் அதோட மாச வருமானத்துல பாதிய தாண்டக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. வருமானத்த வாய்வார்த்தையா சொல்ற கூலி வேலை வீட்ல அத எப்படி கணக்கு பண்றதுங்கறதுதான் தலைவலி. அவசரம் இல்லன்னா என் ஓட்டு குழு லோனுக்குதான்.