பவளத் தொட்டிக்கு டோசிங்கா, கால்சியம் ரியாக்டரா?

பவளங்கள் வளரும் 500 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று நாளுக்கு 1.5 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) காரத்தன்மையை உண்கிறது என்று வைத்துக்கொள்வோம். டோசிங்கில், அதாவது கரைசல்களை அளந்து தொட்டியில் விடும் முறையில், அதை ஈடுகட்ட தினமும் சுமார் 22 கிராம் சமையல் சோடாவும் 20 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும் வேண்டும். செலவு குறைவு, திருத்துவதும் எளிது. ஆனால் சென்னையின் ஈரக்காற்றில் கால்சியம் குளோரைடு நீரை உறிஞ்சி எடை கூடிவிடும். காற்றுப்புகா டப்பா கட்டாயம். இரண்டு கரைசல்களையும் ஒரே இடத்தில் விட்டால் வெள்ளையாகப் படிந்து வீணாகும். மாதக்கணக்கில் சோடியம் குளோரைடும் சேர்ந்து உப்பளவு ஏறும்.

கால்சியம் ரியாக்டரில், அதாவது தொட்டி நீர் கற்களின் வழியே ஓடி வரும் கலனில், அப்படி உப்பு சேர்வதில்லை. கரியமில வாயு அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) கற்களைக் கரைக்கிறது. உள்ளே பிஎச் 6.6 அளவில் இருந்தால் போதும். 6.3க்கு இறங்கினால் கற்கள் கூழாகி ஓட்டம் அடைபடும். வெளிவரும் நீர் 30 டிகேஎச், தொட்டி 8 என்றால் நிமிடத்துக்கு 24 மில்லி விட வேண்டும்.

மின்வெட்டுதான் இங்கே பெரிய ஆபத்து. சோலனாய்டு (வாயுவைத் திறந்து மூடும் மின்வால்வு) இன்வெர்ட்டரில் ஓடி, சுழற்சிப் பம்பு நின்றால் வாயு தேங்கிவிடும். இரண்டையும் ஒரே லைனில் மாட்டுங்கள். ரியாக்டரின் வாயுவால் தொட்டியின் பிஎச் குறையும்; ஏசிக்காக மூடிவைத்த அறையில் அது இன்னும் சரியும். ஜன்னலைச் சற்றுத் திறந்துவைப்பது நல்லது.

ரியாக்டருக்கு மாறும்போது டோசிங்கை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மூன்று நாளுக்கொருமுறை கால்பங்கு குறைத்து, தினமும் காரத்தன்மையை அளந்து பாருங்கள். 200 லிட்டருக்குக் குறைவான தொட்டிக்கு டோசிங்கே எங்கள் தேர்வு.