எனிடெஸ்க்கா, ஆர்டிபியா, சொந்தச் சேர்வரில் ரஸ்ட்டெஸ்க்கா? தூரத்துக் கணினிகளைப் பராமரிப்பவரின் ஒப்பீடு

கிளிநொச்சியில் இருந்துகொண்டு முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் உள்ள 11 கணினிகளைக் கவனித்துக்கொள்வது என் தொழிலின் ஒரு பகுதி. அவற்றில் பெரும்பாலானவை அரிசி ஆலைகளிலும் ஹாட்வெயார் கடைகளிலும் பில் போடப் பயன்படுபவை; அவற்றின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கணக்குத் தெரியும், கணினி தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியும் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளம். பிரின்டர் அச்சடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்தத் தூரத்தை மோட்டார் சைக்கிளில் போய்வந்தால், வாங்கும் கூலி பெற்றோலுக்கே சரியாகிவிடும். ஆகவே தூரத்திலிருந்து கணினியைத் திறக்கும் மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்திப் பார்த்து, கடைசியில் சொந்தச் சேர்வரில் இயங்கும் ரஸ்ட்டெஸ்க்கில் வந்து நின்றேன். இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸுடன் வரும் ரிமோட் டெஸ்க்டொப், அதாவது ஆர்டிபி, ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளுக்கு மிக நல்லது. திரை தெளிவாகவும் வேகமாகவும் வரும். ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள கணினியை அதன் மூலம் வெளியிலிருந்து திறக்க முடியாது, புரோ பதிப்பு வேண்டும். நான் உள்ளே நுழைந்தவுடன் அங்கே இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும் என்பதால், "இந்த இடத்தை அழுத்துங்கோ" என்று காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. எங்கள் பகுதியில் கடைகள் பெரும்பாலும் 4ஜி ரவுட்டரிலேயே ஓடுகின்றன. அவ்வகை இணைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அவர்களை அடையாளம் காட்டும் எண்ணை, பகிர்ந்துகொள்வது வழமை என்பதால், ரவுட்டரில் ஆர்டிபியின் வாசலான 3389 ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு அந்த ரவுட்டரை வந்தடையாது. வந்தடையும் இடங்களிலும் அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சந்தைக்குப் போவது போன்றது; 2019 இல் வெளிவந்த ப்ளூகீப் என்ற ஆர்டிபி குறைபாடு, பழைய விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புக வழிவிட்டது. டெயில்ஸ்கேல் போன்ற ஒரு தனியார் வலையமைப்பின் ஊடாக ஆர்டிபியைக் கொண்டுபோனால் இந்த இரண்டு சிக்கல்களும் தீரும். நான் அதை இரண்டு கணினிகளில் மட்டுமே சில வாரங்கள் ஓட்டியிருப்பதால், என் சொல்லுக்கு அந்த அளவு எடைதான் கொடுக்க வேண்டும்.

குரோம் ரிமோட் டெஸ்க்டொப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூகுள் கணக்கு ஒன்றும் ஆறு இலக்கப் பின் இலக்கமும் போதும், காசு தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கடைக் கணினியும் ஏதோ ஒரு கூகுள் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது முதலாளியின் கணக்கா, என்னுடையதா, போன வருடம் வேலையை விட்டுப் போன பிள்ளையுடையதா என்ற கேள்வி ஒரு நாள் கட்டாயம் எழும்.

எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் ஜேர்மனியில் பிறந்தவை, இரண்டும் பழுத்த மென்பொருள்கள். எனிடெஸ்க் சில மெகாபைட் அளவேயான ஒரு கோப்பு. நிறுவாமலே ஓடும், மெலிந்த இணைப்பிலும் சுட்டி சொன்னபடி கேட்கும். கனடாவில் இருக்கும் மகன் மாலை நேரத்தில் புதுக்குடியிருப்பில் இருக்கும் அம்மாவின் மடிக்கணினியைத் திருத்திக் கொடுப்பதற்கு நான் இன்றும் எனிடெஸ்க்கைத்தான் சொல்வேன். ஒரேயொரு எச்சரிக்கை: இணைவதற்காக எனிடெஸ்க் திரையில் காட்டும் இலக்கத்தைத் தொலைபேசியில் வாசிக்கச் சொல்லாதீர்கள். சிக்னல் குறைந்த இடத்தில் ஏழும் எட்டும் ஒன்றாகவே கேட்கும். திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது மேல். அறியாதவர் எவரேனும் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அந்த இலக்கத்தைக் கேட்டால், அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பதையும் அதே மூச்சில் அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள்.

தொழிலுக்கு என்று வரும்போது கணக்கு மாறுகிறது. இரண்டும் இலவசமாகக் கிடைப்பது தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே. கூலி வாங்கிக்கொண்டு கடைக் கணினியைத் திருத்துபவர் உரிமம் வாங்க வேண்டும், அது நியாயமும்கூட. அந்த உரிமம் வெளிநாட்டு நாணயத்தில் வருடாவருடம் கட்டுவது. 2022 இல் ரூபாய் சரிந்ததைப் பார்த்தவர்கள், அடுத்த வருடம் அதே உரிமத்துக்கு எத்தனை ரூபாய் எடுத்துவைக்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்கு உறுதி சொல்லமாட்டார்கள். பாதுகாப்பைப் பொறுத்தவரை பெரிய நிறுவனம் என்பதாலேயே கவலை தீர்ந்துவிடுவதில்லை: 2024 பெப்ரவரியில் தன் சேர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக எனிடெஸ்க் அறிவித்து, சான்றிதழ்களை இரத்துச் செய்து, தன் இணையவாசலின் கடவுச்சொற்களையும் மாற்ற வைத்தது. அதே வருடம் ஜூனில் டீம்வியூவரும் தன் உள் வலையமைப்பில் ஊடுருவல் நடந்ததை ஒத்துக்கொண்டது. இரு நிறுவனங்களும் மறைக்காமல் சொன்னது நல்ல விடயமே.

இனி என் தீர்மானத்துக்குக் காரணமான ஒரே விடயத்துக்கு வருகிறேன். திரையின் தெளிவு, கோப்பு அனுப்பும் வேகம், கைத்தொலைபேசியில் இயங்குமா என்பவற்றில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு நாளாந்த வேலையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. அந்தக் கணினிக்கு முன்னால் நான் நேரில் போய் நிற்க வேண்டிய தடவைகள் வருடத்துக்கு எத்தனை என்பதே எனக்குப் பராமரிப்பின் அளவுகோல்.

ரஸ்ட்டெஸ்க் திறந்த மூலம், அதாவது அதன் நிரலை எவரும் பார்க்கலாம். அதன் சேர்வரை நாமே ஒரு வாடகைக் கணினியில் ஏற்றி ஓட்டலாம். சிறியதொரு வாடகைச் சேர்வரே போதும், 11 கணினிகளுக்கு அது வியர்ப்பதுகூட இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் உண்டு; எச்பிபிஎஸ் என்ற நிரல் எந்த இலக்கம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். எச்பிபிஆர் என்ற நிரல், இரு கணினிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாதபோது இடையில் நின்று தரவைக் கைமாற்றும். 4ஜி ரவுட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் கணினிகளுக்கு இந்த இரண்டாவது நிரல்தான் உயிர்நாடி. சேர்வர் என் கையில் இருப்பதால், இத்தனை நிமிடம்தான் என்று இணைப்பை எவரும் அறுப்பதோ, உரிமம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வருவதோ இல்லை.

அமைக்கும்போது ஒரு மாலைப்பொழுது முழுவதையும் என் கவனக்குறைவால் இழந்தேன். சேர்வரின் தீச்சுவரில், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவலில், 21115 முதல் 21119 வரையான டிசிபி போர்ட்டுகளைத் திறந்துவிட்டு, 21116 ஐ யுடிபி என்ற மற்றத் தரவு அனுப்பும் முறையிலும் திறக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். கணினிகள் தங்கள் இலக்கத்தைப் பதிவதும், தாங்கள் உயிரோடு இருப்பதாக இடையிடையே சொல்வதும் அந்த யுடிபி வழியாகத்தான். அது மூடியிருந்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும், ஆனால் எந்த இலக்கமும் சேர்வரில் ஏறாது. 21117 மூடியிருந்தால் வேறுவிதமாகக் குழப்பும்: சில கணினிகள் இணையும், சில இணையா, ஏனெனில் அது கைமாற்றும் நிரலின் போர்ட். திறவுகோல் பொருந்தவில்லை என்ற செய்தி வந்தால், சேர்வர் முதலில் ஓடியபோது உருவாக்கிய பொதுத் திறவுகோல் என்ற நீண்ட எழுத்துத்தொடரைக் கணினியில் ஒட்டும்போது ஓர் எழுத்து விடுபட்டிருக்கும், அல்லது பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும்.

கடைப் பக்கத்தில் நான் கண்ட பெரிய பிழை, மென்பொருளை நிறுவாமல் வெறுமனே ஓடவிடுவது. மாங்குளத்தில் ஒரு கடையில் அப்படித்தான் தொடங்கினோம். பிரின்டர் டிரைவரை ஏற்றப் போனபோது விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டி வந்தது. என் பக்கத்தில் திரை உறைந்தது. "அண்ணை, ஏதோ ஆம் இல்லையெண்டு கேக்குது, எதை அமத்திறது?" என்று கேட்டபடி அந்தப் பிள்ளை தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வாடிக்கையாளருக்குச் சில்லறையும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முறையாக நிறுவினால் அது விண்டோஸ் சேவையாக ஓடும். அனுமதிப் பெட்டியும் தெரியும், எவரும் உள்நுழையாத நிலையில் நிற்கும் கடவுச்சொல் திரையும் தெரியும். நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றையும் வைத்துவிட்டால் அங்கே எவரும் எதையும் அழுத்தத் தேவையில்லை. எனிடெஸ்க்குக்கும் இதே விதிதான்.

ஆனால் கரண்ட் போய் வந்த பிறகு கணினி எழும்பாவிட்டால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. கணினி எழும்பும்போது விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் பயாஸில், மின்சாரம் திரும்பும்போது கணினி என்ன செய்ய வேண்டும் என்ற தெரிவு இருக்கும். அதை "முன்பிருந்த நிலை" என்று விடாமல் "இயங்கு" என்றே வைக்க வேண்டும். ஏனெனில் யூபிஎஸ் தன் பற்றரி தீரும் முன் கணினியை முறையாக அணைத்துவிட்டால், முன்பிருந்த நிலை என்பது அணைந்த நிலைதான். இந்தத் தெரிவையும் சில கணினிகள் மறந்துவிடும், தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற பொத்தான் பற்றரி செத்துப்போனால். ஒட்டுசுட்டானில் ஒரு ஆலையில் மின்சாரம் வந்த பின் கணினி அணைந்தபடியே கிடந்தது. கையால் போட்டபோது திகதி பல வருடங்கள் பின்னால் நின்றது. திகதி பிழைத்தால் இணையத் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாது என்று உலாவி மறுக்கும், சான்றிதழை நம்பி இணையும் மென்பொருள்களும் மறுக்கக்கூடும். ஒரு சிறிய பற்றரிக்காக நான் 100 கிலோமீற்றர் ஓடினேன். இப்போது புதிதாக எந்தக் கணினியை ஏற்றாலும் முதலில் அந்தப் பற்றரியை மாற்றுகிறேன். தூங்கும் நிலையை முற்றாக அணைப்பது அடுத்தது.

தமிழில் தட்டெழுதுவது பற்றியும் ஒரு சொல். பாமினி எழுத்துருவில் வேலை செய்யும் அலுவலகங்களில் சிக்கல் இல்லை, ஏனெனில் உண்மையில் போய்ச்சேர்வது ஆங்கில எழுத்துகளே. யுனிகோட்டில் ரெங்கநாதன் விசைப்பலகை வைத்திருக்கும் கணினிகளில், ரஸ்ட்டெஸ்க்கின் விசைப்பலகைத் தெரிவை "மேப்" என்று வைத்து, தமிழ் விசைப்பலகையை அங்கே மட்டும் இயக்குங்கள். இரு பக்கமும் இயக்கினால் எழுத்துகள் குழம்பக்கூடும்.

ரஸ்ட்டெஸ்க்கின் குறைகளையும் சொல்ல வேண்டும். இலவசச் சேர்வரில் முகவரிப் புத்தகம் கிடையாது, அது காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் உண்டு. என்னுடைய 11 இலக்கங்களும் ஒரு சீஆர் கொப்பியில் இருக்கின்றன. சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதைச் சந்தேகத்துடன் பார்த்துத் தடுத்துவிடும், விலக்கு அளிக்க வேண்டியிருக்கும். ஆப்பிள் கணினிகளில் என் அனுபவம் ஒரேயொரு இயந்திரத்தோடு சரி. திரையைப் பதியவும் சுட்டியை இயக்கவும் தனித்தனியே அனுமதி கொடுக்க வேண்டும் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசக்கூடாது. சொந்தச் சேர்வர் என்றால் அதற்குக் காவலும் நாமே: இயங்குதளத்தை இற்றைப்படுத்துவது, வாடகையைத் தவறாமல் கட்டுவது, திறவுகோல் கோப்புகள் இரண்டையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைப்பது. அவை தொலைந்தால் ஒவ்வொரு கணினியிலும் புதிய திறவுகோலைப் பதிய வேண்டும், அதாவது ஒவ்வொரு ஊருக்கும் போக வேண்டும்.

எனக்கு நேர்ந்தது அதற்கு அடுத்தபடியான ஒன்று. தொடக்கத்தில் சேர்வரின் ஐபி முகவரியை அப்படியே எல்லாக் கணினிகளிலும் பதிந்துவிட்டேன். மலிவான இன்னோர் இடத்துக்குச் சேர்வரை மாற்ற நினைத்தபோதுதான், ஐபி முகவரிக்குப் பதிலாக நிற்கும் ஒரு டொமைன் பெயரை வாங்கி அதைப் பதிந்திருந்தால் வீட்டிலிருந்தபடியே மாற்றியிருக்கலாம் என்பது உறைத்தது. பழைய சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வழியாக உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பெயருக்கு மாற்றினேன், 10 முடிந்தன. மல்லாவியில் ஒரு ஆலைக் கணினி மட்டும் சிறுபோக நெல் முடிந்ததோடு அணைத்து மூடப்பட்டுக் கிடக்கிறது. காலபோக அறுவடையில் நெல் வரத் தொடங்கி அவர்கள் அதைப் போடும்வரை, அந்த ஒன்றுக்காகப் பழைய சேர்வருக்கும் மாதவாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்.