ரெண்டு மூணு மானிட்டர் மாட்டணும்னா எந்த டாக்? எம்எஸ்டி, தண்டர்போல்ட், டிஸ்ப்ளேலிங்க் மூணையும் வச்சு ஒரு அலசல்

டாக்னா லேப்டாப்ல ஒரே வயர மாட்டி, மானிட்டர், கீபோர்டு, சார்ஜர்னு எல்லாத்தையும் அது வழியா இணைக்கிற பெட்டி. மொதல்ல நான் ஏமாந்த கதை. டப்பா மேல 'ரெண்டு 4கே மானிட்டர்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, நம்பி வாங்கிட்டேன், மேக்புக்ல மாட்டினா ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படம், இந்தப் பக்கம் மவுஸ நகர்த்தினா அந்தப் பக்கமும் அதே மவுஸ் நகருது. கேபிள மாத்தினேன், போர்ட்ட மாத்தினேன், ரீஸ்டார்ட் பண்ணேன், அரை நாள் போச்சு. அப்புறம் தான் புரிஞ்சது டாக்ல ஒரு கோளாறும் இல்ல, அது விண்டோஸ்ல ஓடுறதுக்குன்னு செஞ்ச டாக், டப்பாவுக்குப் பின்னாடி பொடி எழுத்துல அத போட்டும் இருந்தாங்க, நான் தான் படிக்கல.

சட்டியில இருந்தா தான் அகப்பையில வரும்னு சொல்வாங்கல்ல, டாக் விஷயம் அப்படியே அது தான். டாக் வெறும் அகப்பை. எத்தன ஸ்க்ரீன் ஓடும்னு முடிவு பண்றது லேப்டாப்புக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ். இன்டெல் லேப்டாப்னா 10-வது தலைமுறை வரைக்கும் உள்ள இருக்கிற கிராபிக்ஸ் மொத்தம் 3 ஸ்க்ரீன் தான் ஓட்டும், லேப்டாப்போட சொந்த ஸ்க்ரீனும் அந்தக் கணக்குல சேர்த்தி, 11-வதுல இருந்து 4 ஆச்சு. மேக்புக் ஏர்ல எம்1, எம்2 சிப் ரெண்டுமே வெளி மானிட்டர் ஒண்ணே ஒண்ணு தான், எம்3 வந்தப்போ மூடிய மூடி வச்சா ரெண்டுன்னாங்க, 2025-ல வந்த எம்4-ல தான் மூடி திறந்திருந்தாலும் ரெண்டு. ப்ரோ, மேக்ஸ் சிப் வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல. இன்னொண்ணு, யூஎஸ்பி-சி ஓட்டை இருக்குன்னா அதுல படம் வரும்னு அர்த்தம் இல்ல, சில லேப்டாப்ல அது வெறும் டேட்டாவுக்கு மட்டும் தான், போர்ட் பக்கத்துல மின்னல் குறியோ இல்ல மானிட்டருக்குப் படம் அனுப்புற டிஸ்ப்ளேபோர்ட் முறையோட அந்த டி, பி கலந்த குறியோ இருக்கான்னு பாருங்க, ஒண்ணும் இல்லன்னா மாடல் பேர போட்டு மேனுவல தேடிப் படிச்சிடுங்க.

சரி, இப்போ மூணு வகை.

எம்எஸ்டி டாக், அதாவது சாதாரண யூஎஸ்பி-சி டாக்னு கடையில விக்கிறதுல பெரும்பாலானது. லேப்டாப் ஒரே ஒரு டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல அனுப்பும், டாக்குக்குள்ள இருக்கிற சிப் அத ரெண்டா மூணா பிரிச்சு கொடுக்கும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல இருந்தே இருக்கிற பழைய நல்ல டெக்னிக், விண்டோஸ், லினக்ஸ், குரோம் ஓஎஸ் எல்லாத்துலயும் டிரைவர் எதுவும் போடாம ஓடும். மேக் மட்டும் இதுக்கு முகம் குடுக்காது, எல்லா மானிட்டர்லயும் ஒரே படத்த தான் காட்டும். இதுல எனக்கு கடுப்பு என்னன்னா, பழைய இன்டெல் மேக்ல பூட் கேம்ப் போட்டு விண்டோஸ் ஓட்டினா அதே மெஷின், அதே டாக், ரெண்டு மானிட்டர்லயும் தனித்தனி படம் அழகா வரும். ஹார்ட்வேரால முடியும், மேக்ஓஎஸ் தான் விட மாட்டேங்குது.

எம்எஸ்டில பாக்க வேண்டியது பேண்ட்விட்த், அதாவது வயர்ல ஒரு வினாடிக்கு எவ்வளவு டேட்டா போகும்ங்கிறது, இங்க கொஞ்சம் கணக்கு போட்டே ஆகணும். ஒரு 4கே மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது வினாடிக்கு 60 தடவ படம் மாறி, ஓடணும்னா கிட்டத்தட்ட 12-ல இருந்து 14 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு இத்தன ஜிகாபிட்) வேணும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல நாலு லேனும், அதாவது வயருக்குள்ள டேட்டா போற நாலு பாதையும், சேர்ந்து உருப்படியா கிடைக்கிறது 17.28, 1.4-ல 25.92. ஆனா யூஎஸ்பி-சி வயர்ல வேகமான யூஎஸ்பி டேட்டாவும் போகணும்னா ரெண்டு லேன அதுக்கு விட்டுக் குடுக்கணும், அப்போ படத்துக்கு பாதி தான் மிச்சம். 1.2 லேப்டாப்னா அந்தப் பாதி 8.64, அதுல 4கே 30 ஹெர்ட்ஸ் தான் வரும், 30 ஹெர்ட்ஸ்ல மவுஸ நகர்த்திப் பாத்தவங்களுக்குத் தெரியும் அது சேத்துல நடக்குற மாதிரி இருக்கும். அதனால தான் ஒரே டாக் ஒருத்தருக்கு சூப்பரா ஓடுது, இன்னொருத்தர் திட்டித் தீர்க்குறார். அப்படி ரெண்டு லேன விட்டுக் குடுத்துட்டு ரெண்டு 4கே ரெண்டுமே 60-ல வேணும்னா லேப்டாப்பும் டாக்கும் ரெண்டு பேரும் படத்த சுருக்கி அனுப்புற டிஎஸ்சி கம்ப்ரஷன் தெரிஞ்சவங்களா இருக்கணும். ரெண்டு 1080பி மானிட்டர் தான்னா இந்தப் பத்திய மறந்துடுங்க, ஒண்ணுக்கு 3 ஜிபிபிஎஸ் சுமார் தான் ஆகும், எந்த எம்எஸ்டி டாக்கும் தாங்கும்.

அடுத்து தண்டர்போல்ட், போர்ட் பாக்க யூஎஸ்பி-சி மாதிரியே இருக்கும், வேகம் தான் அதிகம். அதுல 3, 4-ங்கிற தலைமுறை ரெண்டுமே 40 ஜிபிபிஎஸ், 5 வந்து 80, படத்துக்கு மட்டும் தேவைப்பட்டா 120 வரைக்கும் ஏத்திக்கும். இதோட பெரிய பலம், ஒரே வயர்ல ரெண்டு டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் தனித்தனியா போகும், அதனால மேக்லயும் ரெண்டு மானிட்டர் ரெண்டு படம், கூடவே எஸ்எஸ்டி, நெட்வொர்க் கேபிள் எல்லாம் மூச்சு வாங்காம ஓடும். தண்டர்போல்ட் 4-னு முத்திரை வாங்குற விண்டோஸ் லேப்டாப் ரெண்டு 4கே ஓட்டியே ஆகணும்னு விதி, 3-ல ஒண்ணு போதும்னு விட்டிருந்தாங்க, மானிட்டர் விஷயத்துல வித்தியாசம் இவ்வளவு தான்னு நினைச்சுக்கலாம்.

ஆனா இதுலயும் மாட்டிக்கிற எடம் இருக்கு. எம்1 ஏர் வச்சிட்டு தண்டர்போல்ட் டாக் வாங்குனா ரெண்டாவது மானிட்டர் வராது, சட்டி காலி, எவ்வளவு பெரிய அகப்பை போட்டாலும் ஒண்ணு தான். அப்புறம் சில தண்டர்போல்ட் டாக்குக்குள்ளயே ரெண்டு எச்டிஎம்ஐக்கும் எம்எஸ்டி சிப் வச்சிருப்பாங்க, அத மேக்ல மாட்டினா பழைய குருடி கதவைத் திறடி தான், மேக் காரங்க ரெண்டாவது மானிட்டர டாக்ல இருக்கிற இன்னொரு தண்டர்போல்ட் போர்ட்ல இருந்து எடுக்க முடியுதான்னு பாத்து வாங்குங்க. பழைய சிப் வச்ச தண்டர்போல்ட் 3 டாக் சிலது சாதா யூஎஸ்பி-சி லேப்டாப்ல உசுரே வராது, தண்டர்போல்ட் 4 டாக்னா கொஞ்சம் கம்மி வேகத்துல அனுசரிச்சுப் போயிடும். வீட்ல ஆளுக்கொரு லேப்டாப் இருந்து ஒரே மேஜைய பகிர்ந்துக்கறவங்களுக்கு இது முக்கியம்.

மூணாவது டிஸ்ப்ளேலிங்க், சட்டியையே ஏமாத்துற ஆளு. இது கிராபிக்ஸோட டிஸ்ப்ளேபோர்ட்ட தொடவே தொடாது, லேப்டாப்ல ஒரு சாப்ட்வேர் ஸ்க்ரீன சுருக்கி சாதாரண யூஎஸ்பி டேட்டாவா அனுப்பும், டாக்ல இருக்கிற சிப் அத விரிச்சு மானிட்டருக்குக் குடுக்கும். அதனால எம்1 ஏர்ல கூட ரெண்டு மூணு மானிட்டர் ஓடும், பழைய யூஎஸ்பி-ஏ போர்ட்லயும் ஓடும், படம் வராத யூஎஸ்பி-சிலயும் ஓடும். ரெண்டு 4கே 60 வேணும்னா டிஎல்-6950 மாதிரி பெரிய சிப் இருக்கணும், டிஎல்-3900 போட்டது 1080பி ரகத்துக்கு தான், டப்பால சிப் பேர தேடிப் பாருங்க.

இதுக்கு குடுக்குற விலை சிபியு. மெயில், எக்செல், கோட் எடிட்டர்னா ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா ஒரு மானிட்டர்ல வீடியோ, இன்னொண்ணுல மீட்டிங், நடுவுல ஸ்க்ரீன் ஷேர்னு போனா பேன் கத்த ஆரம்பிச்சிடும், கேம் பத்தி பேசவே வேண்டாம். மேக்ல இதுக்கு ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அனுமதி குடுக்கணும், குடுத்தா மேல ஒரு குறி நின்னுட்டே இருக்கும், காப்பி பாதுகாப்பு உள்ள ஸ்ட்ரீமிங் வீடியோ கறுப்பா தெரியும். லாகின் ஸ்க்ரீன் அந்த மானிட்டர்ல வரணும்னா தனியா இன்னொரு எக்ஸ்டென்ஷன் போடணும். லினக்ஸ்ல கர்னல் (அதோட மையப் பகுதி) அப்டேட் ஆகும்போதெல்லாம் டிஸ்ப்ளேலிங்கோட மாட்யூலும் கூட பில்ட் ஆகணும், ஆகலன்னா காலைல உக்காந்தா கறுப்பு ஸ்க்ரீன். ஆபீஸ் லேப்டாப்ல அட்மின் உரிமை இல்லன்னா ஐடி டீம் வாசல்ல நிக்க வேண்டி வரலாம்.

என்ன கேட்டா, விண்டோஸ் லேப்டாப், ரெண்டு மானிட்டர், ஆபீஸ் வேலைன்னா எம்எஸ்டி டாக்குக்கு மேல ஒரு காசு செலவு பண்ண மாட்டேன். தண்டர்போல்ட் வாங்குறவங்கள்ல நிறைய பேர் தேவைக்கு அதிகமா தான் வாங்குறாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம், ரெண்டு 4கேயும் வேகமான எஸ்எஸ்டியும் ஒரே வயர்ல வேணும், இல்ல ப்ரோ சிப் மேக் வச்சிருக்கேன்னா மட்டும் அது சரி. டிஸ்ப்ளேலிங்க வேற வழியே இல்லாதப்போ எடுக்கலாம், எம்1, எம்2 ஏர் காரங்களுக்கு நிஜமாவே வேற வழி இல்ல, அவங்க கூட ஒரு மானிட்டர நேரா லேப்டாப்ல மாட்டிட்டு ரெண்டாவத மட்டும் டிஸ்ப்ளேலிங்க்ல விட்டா வீடியோவுக்கு ஒண்ணு சுத்தமா கிடைக்கும். எச்டிஎம்ஐ போர்ட் உள்ள விண்டோஸ் லேப்டாப்லயும் இதே மாதிரி ஒண்ண நேரா மாட்டி டாக்கோட சுமைய குறைக்கலாம்.

சார்ஜிங் பத்தி ரெண்டு வார்த்தை. டாக்கோட அடாப்டர்ல போட்டிருக்கிற வாட்ஸ் வேற, லேப்டாப்புக்குப் போற வாட்ஸ் வேற, டாக் தனக்குன்னு எடுத்துக்கிட்டது போக மிச்சம் தான் வரும். 180, 230 வாட் அடாப்டரோட வர்ற கேமிங் லேப்டாப்னா அதோட சொந்த சார்ஜர் இல்லாம வேலை நடக்காது.

கடைசியா கேபிள். யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு கணக்கு பாக்கற வேலை இங்க தான் நடக்கும். சார்ஜருக்குன்னு வர்ற யூஎஸ்பி-சி கேபிள் நிறைய யூஎஸ்பி 2.0 தான், அதுல சார்ஜ் ஏறும், படம் ஒரு துளி கூட போகாது. டாக் கூட வந்த கேபிள தொலைச்சிடாம அதுல ஒரு டேப் ஒட்டி பேர் எழுதி வச்சிடுங்க. நான் அப்படி எழுதி வச்ச கேபிளோட தான் அந்தப் பழைய டாக் இப்போ ஒரு விண்டோஸ் லேப்டாப்ல ஓடுது, ரெண்டு மானிட்டர், ரெண்டு படம், மவுஸ் ஒரே ஒரு பக்கம் மட்டும் நகருது.